தரையோட தரையா வெட்டச் சொன்னது தான் நான் பண்ண முதல் தப்பு

வீட்டுப் பின்பக்கம் ரெண்டு புங்கமரம் இருந்துச்சு. ஒண்ணு நட்ட நடுவுல, இன்னொண்ணு காம்பவுண்ட் சுவரை ஒட்டி. நடுவுல இருந்தது ஒரு புயல் காத்துல சாய்ஞ்சு கூரை மேல கிளையைப் போட்டுடுச்சு, சுவரோரம் இருந்தது சுவரையே தள்ள ஆரம்பிச்சிடுச்சு, சரி ரெண்டையும் எடுத்துடலாம்னு முடிவு பண்ணி ஆள் கூப்பிட்டோம். மரம் ஒரே நாள்ல போச்சு. தூரு, அதாவது வெட்டின பிறகு மண்ணுல நிக்கிற அடிக்கட்டை, போறதுக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த ஒரு வருஷக் கதை தான் இது, இதே வேலையில இறங்கப் போறவங்களுக்கு என்னோட முதுகுவலியில பாதியாவது மிச்சமாகட்டும்னு எழுதுறேன்.

மரம் வெட்ட வந்த அண்ணன் கடைசியில அடிமரம் மட்டும் நிக்கும்போது மெஷினை ஆஃப் பண்ணிட்டுக் கேட்டார், "தம்பி, தூரு எவ்ளோ விடணும்?" நான் பெரிய விவரமா, "தரையோட தரையா வெட்டிடுங்கண்ணே, யாரும் தடுக்கி விழக்கூடாது"ன்னேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "பின்னாடி தோண்டி எடுக்கிற ஐடியா இருந்தா மூணு நாலு அடி விட்டுடலாம், அப்புறம் உங்க இஷ்டம்"னார். நான் வேணாம்னுட்டேன். அவர் அழகா, வழவழன்னு, தரை மட்டத்துக்கு வெட்டிக் குடுத்துட்டுப் போயிட்டார். அவர் சொன்னதோட அர்த்தம் எனக்குப் புரிஞ்சது ஒன்பது மாசம் கழிச்சு, குழிக்குள்ள நின்னுக்கிட்டு அந்தக் கட்டையை எதைப் பிடிச்சு ஆட்டுறதுன்னு தெரியாம முழிச்சப்ப. மூணு நாலு அடி கட்டை மேல நின்னுச்சுன்னா அதுவே ஒரு நெம்புகோல். மேல் நுனியில கயிறு கட்டி ரெண்டு பேர் முன்னும் பின்னும் ஆட்டினாலே கீழ இருக்கிற வேர் எங்க பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சிடும். தரையோட வெட்டிட்டா அந்தக் கைப்பிடியை நீங்களே வெட்டி வீசின மாதிரி. தோண்டி எடுக்கப் போறீங்கன்னா உயரமா விடுங்க, மக்க விடப் போறீங்கன்னா தாழ வெட்டுங்க. இதை மரம் வெட்டுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும், நான் பண்ணல.

ஏன் எடுத்தே ஆகணும்னு கேக்கலாம். நடுவுல இருந்த இடத்துல சிமெண்ட் தளம் போடணும்னு வீட்டுல ரொம்ப நாளாப் பேச்சு. நான் முதல்ல கட்டை மேலயே ஜல்லியைக் கொட்டி கான்கிரீட் போட்டு மூடிடலாம்னு தான் நெனச்சேன். அப்பா தான், "டேய், மரம் மக்கும், சிமெண்ட்டு மக்காது, அடியில பள்ளம் விழுந்தா தளம் என்னாகும்"னார். கட்டையும் அதைச் சுத்தின பெரிய வேரும் மெதுவா மக்கி உள்ள வெறும் பொந்தாயிடும், மேல தளம் அந்தரத்துல நிக்கும், ஒரு நாள் விரிசல் விட்டு இறங்கும். சரின்னு ஒத்துக்கிட்டேன்.

வெட்டி மூணு வாரத்துல கட்டையைச் சுத்தி பட்டைக்கும் மரத்துக்கும் நடுவுல இருந்து கொத்துக் கொத்தா துளிர். பார்க்க அழகா இருந்துச்சுங்கிறதை ஒத்துக்கணும், பளபளன்னு இளம் பச்சை. என் பொண்ணு அதுக்குத் தண்ணி வேற ஊத்தினா. அப்புறம் கட்டையில இருந்து எட்டு அடி தள்ளி, சம்பந்தமே இல்லாத இடத்துல, தரையில இருந்து ஒரு கன்னு நேரா எழுந்து வந்துச்சு. விதை விழுந்து முளைச்சதுன்னு நெனச்சு புடுங்கப் போனா கீழ கட்டை விரல் தடிமன்ல பக்கவேர் ஒண்ணு ஓடுது, அதுல இருந்து வந்திருக்கு. புங்கைக்கு இது வழக்கம், பக்கவேர்ல இருந்தே கன்னு விடும். மரத்தோட சேமிப்பு முழுக்க வேர்ல மாவுச்சத்தா இருக்கும், மேல வெட்டினா அந்தச் சேமிப்பை எடுத்துத் துளிர் விட்டு, இலை வந்ததும் மறுபடி சம்பாதிச்சு வேருக்கே அனுப்ப ஆரம்பிச்சிடும். அதனால துளிரை இலை விரியிறதுக்குள்ள ஒடிக்கணும், விரிஞ்ச பிறகு ஒடிச்சா அது போட்ட முதலைத் திருப்பி எடுத்திருக்கும். நான் மாசத்துக்கு ஒரு தடவை சாவகாசமா ஒடிச்சேன், அதாவது அதுக்கு நான் விவசாயம் பண்ணிக் குடுத்தேன்.

களைக்கொல்லி தடவுறதைப் பத்தியும் சொல்லிடுறேன், ஏன்னா இதையும் தப்பா தான் பண்ணேன். வெட்டி ரெண்டு மாசம் கழிச்சு, காய்ஞ்சு போன வெட்டுவாய் முழுக்க பெயிண்ட் அடிக்கிற மாதிரி தடவினேன், ஒண்ணும் ஆகல. மரத்துல உயிர் இருக்கிறது பட்டைக்கு உள்பக்கம் ஒட்டி இருக்கிற மெல்லிசான வளையத்துல, நடுவுல இருக்கிற வைரம் பாஞ்ச கட்டைக்கு மருந்தை இழுக்கிற வேலையே கிடையாது. அந்த வெளி வளையத்துல மட்டும், அதுவும் வெட்டின சில நிமிஷத்துக்குள்ள தடவணும், காய்ஞ்சிட்டா மருந்து உள்ள போகாது. இன்னொண்ணு, பக்கத்துல அதே ஜாதி மரம் இருந்தா ரெண்டுக்கும் வேர் மண்ணுக்குள்ள ஒட்டிப் போயிருக்க வாய்ப்பு இருக்கு, இதுல தடவினது அங்க போகும், காப்பாத்த நெனச்ச மரமும் வாடிடும். எல்லாத்துக்கும் மேல, இந்த மருந்து வேரைச் சாகடிக்குமே தவிர கட்டையை எடுத்துக் குடுக்காது. செத்த கட்டையும் அதே எடை, அதே இடம்.

அப்புறம் ஆரம்பிச்சுது அறிவுரை. வர்றவங்க எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. கல்லுப்பு போடு, ஆசிட் ஊத்து, பழைய எஞ்சின் ஆயில் ஊத்து, செம்பு ஆணி அடி. நான் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) கேஸ். துளை போட்டு அதை நிரப்பினா கட்டை தானா மக்கிடும்னு ஒருத்தர் அடிச்சுச் சொன்னார். டிரில்லை எடுத்துட்டுப் போய் உக்காந்தேன். முதல் துளையிலயே பிட் உள்ள மாட்டி, பச்சை மரத்தூள் ஈரமா சுருண்டு சுருண்டு வந்து அடைச்சுக்கிச்சு, கருகின வாசம், டிரில் கைக்குள்ள திமிருது. ஒவ்வொரு இன்ச்சுக்கும் வெளிய இழுத்து தூளைத் தட்டி மறுபடி இறக்கணும்னு அஞ்சாவது துளையில தான் கத்துக்கிட்டேன். ஒரு நாள் பூரா உக்காந்து இருபது துளை. உப்பை நிரப்பி, தண்ணி ஊத்தி, தார்ப்பாய் போட்டு மூடி நாலு மாசம் காத்திருந்தேன். தொறந்து உளியை வச்சு அடிச்சா டங்குன்னு சத்தம். நிறம் மட்டும் மாறியிருந்துச்சு.

அதுக்கப்புறம் தான் யோசிச்சேன், மக்குறதுன்னா என்ன? காளான் வகைப் பூஞ்சை மரத்தைத் தின்னணும். அதுக்கு ஈரம் வேணும், காத்து வேணும், கூட நைட்ரஜன் வேணும். மரத்துல கார்பன் கொட்டிக் கிடக்கு, நைட்ரஜன் தான் துளியூண்டு. உப்பு பண்றது என்ன, ஈரத்தை இழுத்துக் காய வைக்கும். ஊறுகாய் கெடாம இருக்கிறதுக்கும் உப்பு தானே போடுறோம். அதாவது நாலு மாசமா நான் கட்டையை மக்க வைக்கல, பதப்படுத்திட்டு இருந்தேன். கல்லுப்பு இன்னும் மோசம், கட்டை அப்படியே இருக்கும், சுத்தி இருக்கிற மண்ணு கெட்டுப் போயி அடுத்து எதை வச்சாலும் வராது. எஞ்சின் ஆயில் ஊத்துறது மண்ணையும் நிலத்தடித் தண்ணியையும் கெடுக்கிற வேலை, அதைப் பத்திப் பேசவே வேணாம்.

தீ வைக்கிற யோசனையும் வந்துச்சு. பச்சைக் கட்டை எரியாது, மேல கருகும், அவ்ளோ தான். நல்லாக் காய்ஞ்சது எரியும், ஆனா வேர் வழியா மண்ணுக்குள்ள கனன்றுக்கிட்டே போகும், மேல புகை கூடத் தெரியாது, நாள் கணக்குல உள்ளயே இருந்து தள்ளி வேற எங்கயாவது தலை காட்டும். தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுல அணைஞ்சிடுச்சுன்னு நெனச்சு ரெண்டு நாள் கழிச்சு வேலியோரம் சருகு பத்திக்கிச்சாம். வீட்டுச் சுவர் பக்கம், கேஸ் பைப், கரண்ட் வயர் இருக்கிற இடத்துல இதை நினைக்கவே கூடாது. பெட்ரோல் ஊத்துறேன்னு யாராவது வந்தா அவரை வாசலோட அனுப்பிடுங்க.

மெஷின் வச்சு எடுக்கலாம்னும் விசாரிச்சேன். பொக்லைன் வந்தா அரை மணி நேர வேலை தான், ஆனா எங்க சைடு சந்து மூணரை அடி, அது எங்க வரும். கட்டையை அரைச்சுத் தூளாக்குற ஸ்டம்ப் கிரைண்டர்னு ஒண்ணு இருக்கு, சின்ன சைஸ் அந்தச் சந்துல நுழையும், தரைக்குக் கீழ ஒரு அடி வரைக்கும் அரைக்கும். புல்வெளி போடுறவங்களுக்கு அது தான் சரி, வேலையும் சுத்தம். எனக்குத் தளம் போடணும், ஒரு அடிக்குக் கீழ இருக்கிற மீதிக் கட்டை அப்படியே தானே இருக்கும், பின்னாடி மக்கி இறங்கத் தானே போகுது. அதனால கையாலயே தோண்டுறதுன்னு முடிவு. இப்ப யோசிச்சா கொஞ்சம் வீம்பும் இருந்துச்சு.

முதல் சனிக்கிழமை. கடப்பாரை, மண்வெட்டி, கோடாலி, ஒரு பழைய கைரம்பம். கட்டை ஒன்றரை அடி அகலம், சுத்தி ஒரு அடி தள்ளித் தோண்டினா போதும்னு ஆரம்பிச்சேன். மத்தியானத்துக்குள்ள முழங்கால் ஆழம் குழி, உள்ள இறங்கினா கோடாலியை ஓங்க இடமில்ல. ஓங்கினா பின்னாடி குழிச்சுவர்ல பிடி இடிக்குது, முன்னாடி விழற வெட்டு சுரண்டுற மாதிரி விழுது. அன்னிக்குப் பூரா ஒரே ஒரு வேர் தான் வெட்டினேன், அதுவும் பாதி. மறுநாள் கையைத் தூக்க முடியல, தலை வாரக் கூட முடியல. அப்பா வந்து எட்டிப் பார்த்துட்டு, "கட்டையைத் தோண்டாதடா, உனக்கு நிக்க இடம் தோண்டு"னார். அதுக்கப்புறம் கட்டையோட விளிம்புல இருந்து ரெண்டரை அடி தள்ளி வட்டம் போட்டுத் தோண்டினேன். மண்ணு அள்ளுறது நாலு மடங்கு, ஆனா வேர் வெட்டுறது பத்துல ஒரு பங்கு நேரம். கட்டைக்குக் கிட்ட வேர் தொடை தடிமன்ல இருக்கும், ரெண்டு அடி தள்ளிப் போனா அதே வேர் பிரிஞ்சு மணிக்கட்டு தடிமனாயிடுதுங்கிறது இன்னொரு லாபம். அள்ளுற மண்ணைக் குழி விளிம்புலயே போடாம நாலு அடி தள்ளிக் கொட்டுங்க, இல்லன்னா மழை ஒண்ணு பேஞ்சா எல்லாம் திரும்ப உள்ள வந்துடும். எனக்கு வந்துச்சு.

மண்ணு ஈரப்பதமா இருக்கணும், சேறா இருக்கக்கூடாது. காய்ஞ்ச மண்ணுல கடப்பாரை துள்ளும், சேத்துல கால் புதையும். முந்தின நாள் சாயங்காலம் தண்ணி விட்டு ஊற வச்சு மறுநாள் காலையில தோண்டினா வெண்ணெய் மாதிரி இல்லன்னாலும் ஏதோ ஓடும்.

இந்த மொத்த வேலையில எனக்குக் கிடைச்ச பெரிய ஞானம் ஹோஸ் பைப். வேரைச் சுத்தி இருக்கிற மண்ணைக் கடப்பாரையால நோண்டிக்கிட்டு இருந்தேன், வீட்டுக்காரி மாடியில இருந்து பார்த்துட்டு, "ஏங்க, பாத்திரம் கழுவுற மாதிரி தண்ணி அடிச்சுக் கழுவிடலாமே"ன்னா. அடிச்சேன். அஞ்சு நிமிஷத்துல வேர் எல்லாம் கை விரிச்ச மாதிரி வெளிய வந்துடுச்சு. எது தடி, எது சும்மா, எது எதுக்கு அடியில போகுதுன்னு அப்பத்தான் முதல் தடவையா பார்க்கிறேன். அதுவரைக்கும் இருட்டுல சண்டை போட்டுட்டு இருந்திருக்கேன். மரத்தோட வேர்ல பெரும்பங்கு மேல் ரெண்டு அடி மண்ணுக்குள்ளயே தான் இருக்கும், மரம் எவ்ளோ உசரமோ வேர் அவ்ளோ ஆழம்னு சொல்றது எல்லாம் சும்மா. அது பக்கவாட்டுல போகும், கிளை விரிஞ்ச அகலத்தையும் தாண்டிப் போகும். ஆனா அதைப் பூரா துரத்த வேண்டியதில்ல, குழி விளிம்போட வெட்டி விட்டுடலாம். குழி நிறைய தண்ணி சேர்ந்துடாம மெதுவா, ஒரு பக்கமா அடிங்க, வாளியால மொண்டு ஊத்துறதே ஒரு வேலையாயிடும்.

வேரை ஒரு இடத்துல மட்டும் வெட்டாதீங்க. ரெண்டு இடத்துல வெட்டி நடுவுல ஒரு அடித் துண்டை வெளிய எடுத்துடணும். ஒரு வெட்டு மட்டும் விழுந்தா ரெண்டு முனையும் ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கிட்டு நிக்கும், கட்டை அசையாது, எல்லாத்தையும் வெட்டிட்டோமே ஏன் ஆடலன்னு குழம்புவீங்க. வெட்டின இடம் வெள்ளையா இருந்து கொஞ்ச நேரத்துல மஞ்சளடிக்கும், அதை வச்சே எது இன்னிக்கு வெட்டினது எது போன வாரத்துதுன்னு சொல்லிடுவேன்னு ஆயிடுச்சு.

செயின் ரம்பம் வாடகைக்கு எடுத்துட்டு வந்தது இன்னொரு கூத்து. மண்ணு ஒட்டின வேர்ல வச்சேன், தீப்பொறி பறந்துச்சு, ரெண்டு நிமிஷத்துல பல்லு மழுங்கி மரத்தூளுக்குப் பதிலா மாவு மாதிரி வர ஆரம்பிச்சிடுச்சு. மணல்ல செயின் பட்டா அவ்ளோ தான். அதோட குழிக்குள்ள குனிஞ்சு நின்னு, நுனி எதுல இடிக்கும்னு தெரியாத இடத்துல அதை ஓட்டுறது ஆபத்து, நுனி பட்டா மெஷின் முகத்துக்கு நேரா எகிறும். திருப்பிக் குடுத்துட்டேன். வேலை முடிச்சுக் குடுத்தது ரெசிப்ரோகேட்டிங் சா, அதாங்க பிளேடு முன்னும் பின்னும் ஓடுமே, அந்தக் கரண்ட் ரம்பம். அதுல மரக்கிளை வெட்டுற பெரிய பல்லு பிளேடு, ஒரு அடி நீளம். மண்ணுல பட்டா அதுவும் மழுங்கும், ஆனா பிளேடை மாத்திக்கலாம், அஞ்சு பிளேடு தீர்ந்துச்சு. கண்ணாடி போட்டுக்கோங்க, கெட்டி ஷூ போட்டுக்கோங்க. வேர்ல பட்டு வழுக்கின கோடாலி என் ஷூ முனையில ஒரு கோடு போட்டுட்டுப் போச்சு, செருப்போட இருந்திருந்தா இந்தக் கதையே வேற.

மூணாவது வாரம் பைப் உடைஞ்சுது. தடியா ஒரு வேர், அதை ஒட்டி இன்னொண்ணு, ரெண்டாவது கொஞ்சம் சாம்பல் நிறம், மண்ணு பூசி இருந்ததால வித்தியாசம் தெரியல. ஓங்கி ஒரு போடு. 'பொட்'னு ஒரு சத்தம், மரத்துல விழற சத்தம் இல்ல அது, கை அதை உணர்ந்துடுச்சு, மூளை உணர்றதுக்குள்ள தண்ணி மூஞ்சியில அடிச்சுது. வேர் அந்தப் பிளாஸ்டிக் பைப்பைப் பாம்பு சுத்தின மாதிரி சுத்தி வளர்ந்திருக்கு, இணைப்புல லேசா கசிஞ்ச ஈரத்துக்கு வந்திருக்கும். வால்வு எங்கன்னு தேடி ஓடினேன், எனக்கே எங்க வீட்டு வால்வு எங்கன்னு தெரியல, அப்பா தான் நிதானமா நடந்து போய் மூடினார். வந்து ஒண்ணும் சொல்லல, அது தான் கஷ்டமா இருந்துச்சு. மண்வெட்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி தண்ணி லைன், கழிவு லைன், கரண்ட் கேபிள், எர்த்திங் கம்பி எல்லாம் எங்கெங்க போகுதுன்னு ஒரு பேப்பர்ல கோடு போட்டு வச்சுக்கோங்க. குழாய்ல இருந்து டேங்க்குக்கு நேர்கோடு போட்டுப் பார்த்தாலே பாதி தெரிஞ்சிடும். எனக்கு உடைஞ்சது தண்ணிப் பைப். கரண்ட் கேபிளா இருந்திருந்தா?

நாலாவது வாரம் மச்சான் வண்டியோட வந்தான். "இதுக்குப் போயா மாமா ஒரு மாசமா குத்துறீங்க, கயிறைக் கட்டுங்க, ஒரே இழு"ன்னான். சந்துல வண்டி வராது, அதனால வாசல்ல நிறுத்தி நாப்பது அடி நைலான் கயிறு. எனக்கு மனசுக்குள்ள வேணாம்னு தான் பட்டுச்சு, ஆனா அலுப்பு யாரை விட்டுச்சு. அவன் கிளட்சை விட்டான், கயிறு ரப்பர் மாதிரி நீண்டுச்சு, நீண்டுக்கிட்டே மெலிஞ்சுது, அப்புறம் துப்பாக்கி வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். அறுந்த நுனி திரும்பி வந்து துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னாடி சுவர்ல அடிச்சுது, பூச்சு உள்ளங்கை அளவுக்குப் பேந்து விழுந்துச்சு. அந்த இடத்துல அஞ்சு நிமிஷம் முன்னாடி என் பொண்ணு நின்னுட்டு இருந்தா. நீளுற கயிறு இழுக்கிற பலத்தை எல்லாம் தனக்குள்ள சேத்து வச்சு, அறுந்ததும் ஒரே நொடியில திருப்பிக் குடுக்கும். இழுத்தே ஆகணும்னா நீளாத பெல்ட்டோ செயின் பிளாக்கோ (சங்கிலிக் கப்பி) போட்டு, கயிறு போற நேர்கோட்டுல ஒரு ஈ காக்கா நிக்காம பார்த்துக்கணும். மச்சான் அதுக்கப்புறம் சத்தம் போடாம சட்டையைக் கழட்டிட்டு மண்ணு அள்ள இறங்கிட்டான், நல்லவன்.

அஞ்சாவது வாரம் தான் எடுத்தோம். பக்கவேர் பூரா வெட்டியாச்சு, கடப்பாரை போட்டா கட்டை லேசா ஆடுது, ஆனா வரல, ஈறுல மாட்டின பல்லு மாதிரி ஒரு பக்கம் மட்டும் எழும்பி மறுபடி உக்காருது. நேர் அடியில ஆணிவேர் இன்னும் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். ஒரு பக்கத்துல குழியை இன்னும் ஒரு அடி ஆழமாக்கி, அங்க இருந்து கட்டைக்கு அடியில எலி வளை மாதிரி குடைஞ்சு, படுத்துக்கிட்டு ரம்பத்தை உள்ள விட்டோம். இங்க ஒரு விஷயம், ஆடுற கட்டைக்கு அடியில கையைத் தவிர உடம்புல வேற எதையும் நுழைக்காதீங்க, அதுவும் ரெண்டு பக்கமும் கட்டைத் துண்டு முட்டுக் குடுத்துட்டு. ஒன்றரை அடி அகலம், ரெண்டு அடி உயரம்னு கணக்குப் போட்டா பச்சை மரம் மட்டுமே நூறு கிலோவை ஒட்டி வரும், மேல வேரும் மண்ணும் தனி.

ஆணிவேர் முக்கால்வாசி அறுந்ததும் நெம்புறதுக்கு வந்தோம். ஆறடிக் கடப்பாரை, நுனியில இருந்து அரை அடியில ஒரு கெட்டிக் கட்டையை முட்டா வச்சோம். கைப்பக்கம் அஞ்சரை அடி, அந்தப் பக்கம் அரை அடி, அதாவது பதினொரு மடங்கு, நான் அறுபது கிலோவை அழுத்தினா அங்க அறுநூத்தி அறுபது. அந்த முட்டுக் கட்டையை வெறும் மண்ணு மேல வச்சீங்கன்னா அது தான் உள்ள இறங்கும், கட்டை ஏறாது, அடியில அகலமா பலகை போடணும். நான் நெம்ப, மச்சான் எழும்பின சந்துல செங்கல் சொருக, மறுபடி நெம்ப, மறுபடி சொருக. நாலாவது தடவை உள்ள இருந்து 'கறக்'னு ஒரு சத்தம். கட்டை மெதுவா சாய்ஞ்சு படுத்துச்சு. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல, குழி விளிம்புல உக்காந்துட்டோம்.

அதை மேல ஏத்துறது தனி வேலை. ஒட்டியிருந்த மண்ணை முழுக்கத் தட்டி, தண்ணி அடிச்சுக் கழுவினோம், அதுலயே பாதி எடை போச்சு. குழியோட ஒரு பக்கத்தைச் சரிவா வெட்டி, ரெண்டு பலகை போட்டு உருட்டி ஏத்தினோம். தூக்கிடலாம்னு நெனச்சா இடுப்பு தான் போகும்.

குழியை மூடுறதுல அவசரப்படாதீங்க. எடுத்த மண்ணு எல்லாம் திரும்பப் போட்டாலும் நிரம்பாது, கட்டை இருந்த இடம் காலி ஆச்சே, வெளிய இருந்து மண்ணு வேணும். மொத்தமா தள்ளாம அரை அடி போடு, தண்ணி தெளி, இடி, மறுபடி அரை அடி. அப்படியே பண்ணியும் முதல் மழைக்கு மூணு இன்ச் இறங்குச்சு. மறுபடி போட்டு, இன்னொரு மழைக்காலம் முழுக்க விட்டுட்டுத் தான் தளம் போட்டோம். இதுவரைக்கும் விரிசல் இல்ல.

சுவரோரக் கட்டையை நான் தொடவே இல்ல. அதோட வேர் அஸ்திவாரத்துக்கு அடியில போகுது, இழுத்தா சுவரும் கூடவே வரும். அதை அப்படியே விட்டுட்டு மக்க வச்சேன், இந்தத் தடவை ஒழுங்கா. ஒரு இன்ச் அகலத்துல, எட்டு பத்து இன்ச் ஆழத்துக்குத் துளை, நெருக்க நெருக்கமா. உள்ள யூரியா கொஞ்சம், மேல மக்கின சாணியும் தோட்டத்து மண்ணும், அதுல தானே பூஞ்சை இருக்கு. ஈரம் காயக் காயத் தண்ணி, மேல கறுப்பு ஷீட், வெளிச்சம் இல்லாததால துளிர் வந்தாலும் வெளிறிப் போய் செத்துச்சு. ஆறாவது மாசம் பக்கத்துல காளான் குடை குடையா வந்துச்சு, அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்ட அளவுக்கு யாரும் காளானைப் பார்த்து சந்தோஷப்பட்டிருக்க மாட்டாங்க. யாரும் அதை வாயில வச்சுடக் கூடாதுன்னு உடனே புடுங்கிப் போட்டேன். ஒரு வருஷம் தாண்டினதும் கடப்பாரையால குத்தினா ரொட்டியில குத்தின மாதிரி இறங்குது, ஓரம் எல்லாம் கையாலயே பிச்சு எடுக்கலாம். ஒரே பயம் கரையான். மக்குற கட்டைக்கு அது கட்டாயம் வரும், வீட்டுக் கதவு நிலைக்குப் போற மண்கோடு ஏதாவது தெரியுதான்னு மாசம் ஒரு தடவை சுவரோரம் பார்த்துடுவேன். வீட்டை ஒட்டினாப்ல இருக்கிற கட்டைன்னா மக்க விடாம அரைச்சு எடுத்துடுறது நல்லது, எங்களது காம்பவுண்ட் ஓரம்ங்கிறதால விட்டேன்.

தோண்டி எடுத்த கட்டை ரெண்டு மாசம் மூலையிலயே கிடந்துச்சு, வேர் எல்லாம் மேல தூக்கிக்கிட்டு, ஆக்டோபஸ் மாதிரி. அப்பா இப்ப அதைத் திருப்பிப் போட்டு மேல பூத்தொட்டி வச்சிருக்கார். இவ்ளோ பாடுபட்டு எடுத்ததை மறுபடி அதே வீட்டுலயே வைக்கணுமான்னு கேட்டேன், சிரிச்சார்.

நேத்து தளத்தோட ஓரத்துல, கட்டை இருந்த இடத்துல இருந்து பதினோரு அடி தள்ளி, ரெண்டு இலையோட ஒரு துளிர். பளபளன்னு அதே இளம் பச்சை. குனிஞ்சு பிடிச்சு இழுத்தேன், வரல. வீட்டுக்குள்ள போய் மண்வெட்டியை எடுத்துட்டு வந்தேன்.